கரடிக் காசு

யுத்த காலத்துச் சில்லறைத் தட்டுப்பாட்டில் யாரோ கணேசபாண்டியனின் தலையில் கட்டிவிட்ட செப்புக் காசு அது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சுவிட்சர்லாந்தில் ரொட்டி வாங்கப் பயன்பட்டது என்று மாதுங்காவில் ஒருவர் சொன்னார். ஒரு முகத்தில் கரடி இருந்தது. தாராவியில் எந்தக் கடையிலும் அது செல்லவில்லை. ஆகவே அவர் இறந்தபோது, மனைவி கோமதியம்மாள் அதையே சந்தனத்தில் தோய்த்து நெற்றிக்காசாக ஒட்டினாள். சிதையோடு அதுவும் போயிற்று.

காரியங்கள் முடிந்த மறுநாள் அவளுடைய ஒரே மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கோமதியம்மாள் சுக்கு வாங்கப் போனாள். ஊருக்குப் போய் அன்று காலையில்தான் திரும்பியிருந்த கடைக்காரர் வானமாமலை, மீதிச் சில்லறையோடு அந்தக் காசையும் நீட்டினார். அதன் ஓரத்தில் சந்தனம் ஈரமாக இருந்தது.

“இது ஏது அண்ணாச்சி?”

“நல்லா கேட்டிய மைனி! ஒங்க வீட்டுக்காரருதாம் இப்பம் வந்து குடுத்தாரு. செல்லாக் காச இன்னுமா வச்சிருக்கீருன்னு சிரிச்சேன். ‘எம் மவளுக்குவே, அவ அம்மைகிட்ட குடுத்துரும்’னாரு.”

காசைச் சாக்கடையில் வீசிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினாள். மகள் அசையாமல் படுத்திருந்தாள். காய்ச்சல் முற்றிலும் தணிந்து உடம்பு குளிர்ந்திருந்தது. நெற்றியின் நடுவே, வட்டமான ஈரச் சந்தனத்தில், கரடி பதிந்திருந்தது.