முதுகு சரியாக வரவேண்டும்

"கண்ணெல்லாம் விடுங்க. முதுகைப் பாருங்க," என்றாள் அவள்.

சிற்பிக்கு எரிச்சலாக வந்தது. கம்பியில் எலும்புக்கூடு கட்டி, காகிதக்கூழ் அப்பி, ரோமம் ஒட்டி, அவள் கொடுத்த புகைப்படத்தில் படுத்திருந்த நாயை அப்படியே கொண்டுவந்திருந்தார். அந்தக் கண்ணுக்காக உயிரைக் கொடுத்திருந்தார்.

"இங்க கம்பி தட்டுது. குத்தும். சீக்கிரம்ங்க, அப்பா முழிக்கிறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போகணும்."

செத்துப்போன நாயின் நினைவாக இதைத் தடவித் தடவி அழப்போகிறாள் என்று நினைத்து, முதுகைப் பிரித்துப் பஞ்சு வைத்து மூடினார்.

பொம்மையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டிலில், அவளுடைய அப்பாவின் காலடியில், அதே நாய் உயிரோடு படுத்திருந்தது. கிழவரின் பாதம் அதன் முதுகில் இருந்தது.

"அப்பாவுக்குப் பார்வை இல்ல, ஞாபகமும் போயிடுச்சு. காலுக்கு நாய் தட்டுப்படலன்னா கத்தி ஊரைக் கூட்டிடுவார். பாவம், வாயில்லா ஜீவன் எவ்வளவு நேரம்தான் அசையாம கிடக்கும்?"

நாயை மெல்ல இறக்கிவிட்டு, பொம்மையை அந்த இடத்தில் வைத்தாள். பாதம் துழாவியது, முதுகைத் தேய்த்துப் பார்த்து அடங்கியது. நாய் உடம்பை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் காலை நீட்டித் தூங்கிப்போனது.

கட்டிலோரம் உட்கார்ந்தவளின் கையைக் கிழவர் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் வரட்டுமாம்மா?" என்றார் சிற்பி.

அவள் பார்வை தூங்குகிற நாயைவிட்டு நகரவில்லை.

"ஐயா, கையெல்லாம் செய்வீங்களா?"

"எந்த மாதிரி கை?"

அப்பாவின் பிடியில் இருந்த தன் கையைக் கண்ணால் காட்டினாள்.

"இதே அளவுல."