கிருபா சொன்ன செய்தி

குற்றாலத்தில் சாரல் வலுத்தது. பெஞ்சமினின் நேந்திரன் சிப்ஸ் கடையில் ஒதுங்கிய வெளியூர்க்காரர் டிவியைப் பார்த்தார். டெல்லி நிருபர் கிருபா பேசிக்கொண்டிருந்தாள். எல்லை முகாம் ஒன்று தாக்கப்பட்டது, அங்கிருந்த வீரர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்றாள்.

"புளுகுறா. அப்படி ஒண்ணும் நடக்கலைன்னு அதிகாரிங்களே சொல்லிட்டாங்க" என்றார் அவர்.

கிருபாவை யார் குறை சொன்னாலும் சண்டைக்குப் போகிற பெஞ்சமின், இன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புளுகுதாளா? நல்லாத் தெரியுமா தம்பி?"

"இவளுக்கு இதே வேலை, அண்ணாச்சி. பரபரப்புக்காக அடிச்சு விடுவா. எதையும் விசாரிக்கவே மாட்டா."

"ஏசப்பா, இன்னைக்கு ஒரு நாளாவது அவ விசாரிக்காம சொல்லிருக்கட்டும்."

வெளியூர்க்காரர் குழம்பினார். "அந்த முகாம்ல உங்க ஆளு யாராவது இருக்காங்களா?"

"எம் பையன் இருக்கான்."

"அப்ப கவலைய விடுங்க. இவ சொல்றதை நம்பவே நம்பாதீங்க."

பெஞ்சமின் டிவியையே பார்த்தார். கிருபா அதே செய்தியைத் திரும்பவும் சொன்னாள்.

"எப்படித் தம்பி நம்பாம இருக்க? அவன் கூடப்பிறந்த அக்கால்லா அவ. விசாரிக்காமலா இதைச் சொல்லுவா?"