பட்டாளத்துக்கு மழைக்கோட்டு

"அம்மாக்கண்ணு, கசங்காமப் பாத்துக்க. கப்டன் போனதும் கழட்டிக் குடுத்துடணும்."

"கொழுந்து எடுக்கிறவ கசங்காம நிக்கணுமா? நல்லாருக்கு மொதலாளி!"

தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில், பன்னிரண்டு பெண்களுக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார் டிக்கோயா தையல்கடை இராயப்பன். எல்லாம் எண்ணெய் பூசிய துணியில் அவரே தைத்தவை. விலையைக் கேட்டதும், மழைக்குத் தலையில் போடுகிற கம்பளியே போதும் என்று தோட்டத்து ஆட்கள் போய்விட்டார்கள். ஒன்றுகூட விற்கவில்லை.

இப்போது நோட்டன் பிரிட்ஜ் பட்டாள முகாமுக்கு இருநூறு கோட்டு வேண்டுமாம். அந்த ஓடர் கிடைக்காவிட்டால் இராயப்பன் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை. பொதுமக்கள் ஏற்கனவே வாங்கிப் பாவிக்கிற பொருளைத்தான் பட்டாளம் வாங்கும். அதை நேரில் பார்க்க அதிகாரி வருகிறார்.

"கேட்டா என்ன சொல்லணும்?" என்றாள் பக்கத்தில் கோட்டோடு நின்ற லெட்சுமி.

"போன வருசம் வாங்கினோம்னு சொல்லு."

"போன வருசம் தீபாவளிக்குச் சேலையே வாங்கலயே!"

ஜீப் வந்தது. கப்டன் டக்ளஸ் இறங்கினார். அம்மாக்கண்ணுவை நிற்கச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரைத் தோளில் ஊற்றினார். உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"நல்ல கோட்டு. உங்க சொந்தமா?"

"ஆமாங்க தொரை. இது இல்லாம வெளிய எறங்கவே மாட்டேங்க."

"நான் கல்யாணத்துக்கே இதப் போட்டுக்கிட்டுத்தாங்க போனேன்" என்றாள் லெட்சுமி.

இராயப்பனுக்கு இருமல் வந்துவிட்டது.

கப்டன் சிரிக்கவில்லை. கடதாசியில் கையெழுத்துப் போட்டார்.

"ஓடர் உங்களுக்குத்தான். இன்னொரு நிபந்தனை. மழைக்காலம் முழுக்க நான் சொல்லாமக் கொள்ளாம வருவேன். இந்தப் பன்னிரண்டு பேர் மேலயும் இதே கோட்டு இருக்கணும். ஒருத்தர் நனைஞ்சிருந்தாலும் ஓடர் இல்ல."

இராயப்பன் பன்னிரண்டு கோட்டையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "சரிங்க சேர்."

தூறல் விழுந்தது. அம்மாக்கண்ணு கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நாங்க கொழுந்து எடுக்க மலைக்குப் போறோங்க மொதலாளி."

ஜீப் வளைவு திரும்பியதும் சாரதி சிவசாமி மெதுவாகக் கேட்டார்: "சேர், அப்படியொரு நிபந்தனை நம்ம சட்டத்துல இல்லையே?"

"இல்லதான். பொதுமக்கள் பாவிக்கிறாங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அது பொய்யாகக் கூடாதில்லையா?"