உலகம் பார்க்கும் அட்டவணை

“உங்க டேபிள்ல பொண்ணு உயரம் முந்தி அஞ்சு ஆறுன்னு இருந்துச்சு அங்கிள். நேத்து சாயந்திரம் பாத்தப்ப அஞ்சு மூணுன்னு திருத்தியிருந்தீங்க,” என்றான், பெங்களூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஹரிஷ்குமார்.

ஜனகராஜுக்குப் புல்லரித்துவிட்டது. பெற்ற பாசத்தில் மகளை மூன்று அங்குலம் வளர்த்துவிட்டிருந்தார். “மணவறையில பக்கத்துல நிக்கிறப்ப தெரியாதா?” என்று மனைவி நாகமணி பிடுங்கியெடுத்ததால், நேற்று மத்தியானம் தங்கள் சமூகச் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் திருத்தினார்.

“பாத்தியாடி! கோச்சடையில ஒரு தட்டுத் தட்டுனேன், சாயந்திரமே பெங்களூர்ல தெரியுது. இதுக்குப் பேருதான் இன்டர்நெட்டு!”

நாகமணி கேசரித் தட்டைப் பையன் பக்கம் நகர்த்தினாள்.

ஜனகராஜ் மதுரையில் சுங்குடிச் சேலை வியாபாரி. கம்ப்யூட்டர் பித்து தலைக்கேறி, காளவாசலில் ‘கோடிங் தெரியாமலே வெப்சைட்’ என்று போர்டு மாட்டியிருந்த இடத்தில் போய்ச் சேர்ந்தார். அட்டவணை போடக் கற்றுக்கொடுத்த அன்றே, “இம்புட்டுத்தானா?” என்று மீதி வகுப்புகளுக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

சங்கத்துக் கல்யாண வயதுப் பிள்ளைகளின் விவரத்தையெல்லாம் கட்டம் கட்டமாக அடித்தார். பெயர், வீட்டுப்பெயர், கோத்திரம், நட்சத்திரம், உயரம். முதல் வரிசையில் அவர் மகள் இந்துப்ரியா. சங்கச் செயலாளருக்கு இந்த உரிமைகூட இல்லையா என்ன?

“உலகமே பாக்குது!” என்று பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். பிரவுசிங் சென்டரில் தேடியும் வரவில்லையே என்று ஒருவர் இழுத்தபோது, “உனக்குத் தேடத் தெரியல,” என்று ஒரே போடாகப் போட்டார். சங்கத்தில் வேறு எவர் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

இந்த அட்டவணையே காதலை ஒழிக்கக் கிளம்பியதுதான். போன வருடம் சங்கத்துக்காரர் ஒருவரின் மகள் ஹம்சவேணி தனக்கொரு மாப்பிள்ளையைத் தானே தேடிக்கொண்டாள். பையன் நம்மவன்தான் என்று தெரிந்தும், அந்தக் கல்யாணத்துக்கு ஒருவரும் போகக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்ட புண்ணியவான் இவர். “என் வீட்டுல இப்படி நடந்தா, செயலாளர் பதவியையும் விட்டுருவேன், மகளையும் தலைமுழுகிருவேன்!” என்று மைக்கைப் பிடித்து முழங்கினார். தெருவே கேட்டது. இந்துப்ரியாவும் கேட்டாள்.

அதனால்தான் “நெட்டுல பாத்தோம்” என்று ஹரிஷ்குமார் வீட்டிலிருந்து போன் வந்ததும் ஜனகராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

“டேபிள் எப்படி இருக்கு தம்பி?” என்றார், கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த பையனிடம்.

“கோடிங் தெரியாம இம்புட்டு நேர்த்தியா போட எங்க ஆபீஸ்லயே ஆளு கிடையாது அங்கிள்.”

போதாதா? அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். இந்துப்ரியா குனிந்த தலை நிமிரவில்லை. “பொண்ணுன்னா இப்படி இருக்கணும். பையன் மூஞ்சியக்கூடப் பாக்கல!” என்று வந்தவர்களிடம் பெருமையடித்தார் ஜனகராஜ்.

‘நமது சங்க இணையதளம் நடத்திவைக்கும் முதல் திருமணம்’ என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போடச் சொன்னார். கொடுத்த வீட்டிலெல்லாம், “லவ்வு கிவ்வுன்னு அலையாம, முறையா டேபிளப் பாத்து வந்த சம்பந்தம்,” என்று ஒரு குத்து. ஹம்சவேணியின் அப்பா வீட்டு வாசலில் மட்டும் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், மணமக்கள் போட்டோவையும் உலகம் பார்க்கட்டும் என்று மருது என்கிற கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார்.

மருது மேசைக்கு அடியில் குனிந்து தேடினான். “நெட் கனெக்சன் எங்க சார்?”

“அது வாங்கும்போதே உள்ளதான்யா இருந்துச்சு. அந்த நீலக் கலர் ‘ஈ’யத் தட்டு, தன்னால திறக்கும்.”

மருது தட்டினான். அட்டவணை திறந்தது. சிரிப்பை அடக்க அவன் படாத பாடு பட்டான்.

“சார், டேபிளப் போட்டு உங்க கம்ப்யூட்டர்லயே சேவ் பண்ணி வச்சிருக்கீங்க. நெட்டுல ஏத்தவே இல்ல. வீட்டுக்குக் கனெக்சனே இல்லாம எப்படி ஏத்துவீங்க? இது இந்த ரூம விட்டு வெளிய போனதே இல்ல சார்.”

“யாருகிட்ட கதை விடுற? என் மாப்பிள்ளையே இதப் பாத்துத்தான்யா வந்தாரு! உயரத்தத் திருத்துன அன்னைக்கு சாயந்திரமே பாத்துட்டாரு!”

“சத்தியமா வேற எந்தக் கம்ப்யூட்டர்லயும் தெரியாது சார்.”

ஜனகராஜ் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளே இந்துப்ரியாவின் அறையில் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. அலமாரியில் கொடுத்தது போக மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“அப்ப அந்தப் பையன் எங்கதான்டி பாத்தான்?” என்றார் ஈனசுவரத்தில்.

நாகமணி காபி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

“இதே சேர்லதான். நீங்க சங்கத்துக்குப் போற அன்னைக்கெல்லாம்.”