வாத்து முந்திய படகு

வேகப் படகின் முதுகில் மாட்டியிருந்த பழைய மோட்டார் ஓயாமல் இருமியது. படகுக்கோ மானம் போனது.

"நேத்து ஒரு வாத்து என்னை முந்திட்டுப் போச்சு முதலாளி! இந்த மோட்டாரை மாத்துங்க!"

முதலாளி சவரிமுத்துவுக்கு அரை மனசு. ஓட்டித்தான் பார்ப்போமே என்று கடையிலிருந்து ஒரு புது மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார். எலுமிச்சம்பழ மாலையும் போட்டார்.

ஒரே இழுப்பு. படகு பறந்தது! மூக்கு வானத்தில், வால் நுரையில். மாலை அறுந்து எலுமிச்சம்பழங்கள் நாலாபக்கமும் தெறித்தன. ஒன்று வாத்தின் தலையில் விழுந்தது.

"அம்மாடியோவ்! இன்னும், இன்னும்!" என்று கூவியது படகு.

சட்டென்று புது மோட்டார் நின்றுவிட்டது. "அது என்ன கிறீச் கிறீச்சுன்னு சத்தம்?"

"எங்கே?"

"உன் முதுகுப் பலகைதான், ஆட்டம் கண்டு கிடக்கு. முதலாளி, முதல்ல படகை மாத்துங்க!"

சவரிமுத்து பலகையின் திருகுகளை முடிந்த மட்டும் இறுக்கிவிட்டு, பழைய மோட்டாரையே திரும்ப மாட்டினார். கிறீச் சத்தம் முழுசாகப் போகவில்லை.

படகு அதனிடம் மெல்லக் கேட்டது: "அண்ணே, அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டதே இல்லையா?"

"ரொம்ப நாளா கேக்குது தம்பி. உன் காதுல விழக் கூடாதுன்னுதான் இருமிட்டிருந்தேன்."

மறுநாள் வாத்து மறுபடியும் முந்திக்கொண்டு போனது. ஏறியிருந்த பயணி முகத்தைச் சுளித்தார். "என்னங்க, மோட்டார் இப்படி இருமுது?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் படகு கத்தியது:

"அண்ணே, இன்னும் கொஞ்சம் சத்தமா!"