யார் கொடுத்த புகார்?

“பெரிய மனுஷனாய்யா நீ? நேருக்கு நேர் பேச வக்கில்லாம மொட்டைப் புகார் போடுறியே, வெட்கமா இல்ல?”

மயூர் விஹார் அடுக்குமாடியின் வாசலில் நின்று பூவராகவன் போட்ட சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது. பால் பாக்கெட்டோடு வந்த சங்கரநாராயணன் தலையைக் குனிந்துகொண்டு படியேறினார்.

“பாத்தியா அம்சு, வாயைத் திறக்கிறானா பாரு. தப்பு செஞ்சவன் மூஞ்சி!”

அவர் மனைவி அம்சவேணி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

கார் நிறுத்தும் இடத்துக்காக ஒன்பது வருஷமாய் இரண்டு ஆண்களுக்கும் பேச்சு கிடையாது. இப்போது, பூவராகவனின் கார் கரும்புகை கக்குகிறது என்று யாரோ படத்தோடு புகார் அனுப்பிவிட்டார்கள். பத்து நாளுக்குள் சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி நோட்டீஸ். ‘எழுத்தைப் பொடிசா அடிச்சிருக்கான்’ என்று அவர் நீட்ட, அம்சவேணிதான் அதையும் வாசித்துச் சொன்னாள்.

“முப்பத்திநாலு வருஷம் கவர்மெண்ட் கார் ஓட்டினவன் நான். ஒரு கீறல் விழுந்ததில்ல. என் வண்டிக்கே சோதனையா?” கறுவிக்கொண்டே கிளம்பிப் போனார்.

சோதனை நிலையத்தில் புகைக்குழாய்க்குள் கம்பியைச் செருகிப் பார்த்தார்கள். எடுத்துவிட்டு மறுபடியும் செருகினார்கள்.

“ஃபெயில், பாபுஜி. இஞ்சினே போச்சு. இனிமே ரோட்டுல எடுக்காதீங்க,” என்றான் பரிசோதகன் ஹிந்தியில்.

பூவராகவன் ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார். “புகார் கொடுத்தவன் பேரைச் சொல்லு. அது போதும் எனக்கு.”

“பேரெல்லாம் சொல்லக் கூடாது. வேணும்னா படத்தைப் பாருங்க.” கம்ப்யூட்டரைத் திருப்பியவன் சிரித்துவிட்டான். “யாரோ பால்கனியிலேருந்து எடுத்திருக்காங்க. ஓரத்துல லுங்கிகூடத் தொங்குது!”

திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். பச்சைக் கட்டம். நடுவில் கொசுவர்த்தி சுட்ட ஓட்டை.

ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்.

“அம்சு… நீயா?”

அவள் அடுப்பை அணைத்தாள். “படம் நான்தான் எடுத்தேன். அனுப்பத் தெரியல. சங்கரநாராயணன் அண்ணன்தான் அனுப்பிக் கொடுத்தாரு. நீங்க என்ன திட்டினாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்.”

“அவன்கிட்டயா போய் நின்னே?”

“வேற யார்கிட்ட போக? போன மாசம் ஸ்கூல் வாசல்ல செவப்பு விளக்குல போனீங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு சின்னப் பொண்ணு. ஒரு முழந்தான் இடைவெளி. நான் கண்ணை மூடிக்கிட்டேன். நீங்க அவளைப் பாக்கவே இல்ல.”

பூவராகவன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“முப்பத்திநாலு வருஷம் ஓட்டின மனுஷன்கிட்ட, கண்ணு போச்சுன்னு எந்த வாயால சொல்றது? ஃபெயிலானது வண்டியாவே இருக்கட்டும்னுதான்…”