முட்டை ஏறாத பிரிட்ஜ்

அழகம்மா வீட்டுப் பிரிட்ஜுக்குள் முட்டைகூட ஏற முடியாது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் வேறு யார் வீட்டிலும் பிரிட்ஜ் கிடையாது. இருக்கிற அந்த ஒன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, கதவில் முருகன் படம் ஒட்டி, சாமி அறை மாதிரி வைத்திருந்தாள் அழகம்மா. போன ஞாயிறு சின்னராசா ஒரு மீன் பார்சலைக் கொண்டுபோய், "ராத்திரிக்கு மட்டும் வச்சுக்குங்க அக்கா" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது கடைசி வீட்டுக் காம்பரா வரைக்கும் கேட்டது.

"மீனா? என் பிரிட்ஜிலயா? கதவத் தொட்டுப் பாரு, தெரியும்!"

அழகம்மா அப்படித்தான். காரம் தொடமாட்டாள். கல்யாண வீட்டிலும் கை நனைக்கமாட்டாள். கேட்டால் விரதம் என்பாள். சில மாதத்துக்கு ஒரு தடவை மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போவாள். கேட்டால் நேர்த்திக்கடன் என்பாள். 'ஆச்சாரம் தலைக்கேறிப் போச்சு' என்று லயத்தில் சிரிப்பார்கள். அடுத்த வீட்டு லோஜினியும் சிரித்தவள்தான்.

இன்று லோஜினிக்கு அந்தப் பிரிட்ஜ் தேவைப்பட்டது.

அவள் புருஷன் சுதாகரனுக்கு இரண்டு வருசமாகக் குடலில் புண். ஆறும், திரும்ப வரும். உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆஸ்பத்திரியில் பின்பக்கமாகக் குழாய் விடுவார்கள். பெக்டரியில் தேயிலை மூட்டையை அலட்சியமாகத் தூக்குகிற ஆள்தான். ஆனால் போன தடவை குழாயைக் கண்டதும் ஆஸ்பத்திரி உடுப்போடு வாசல் வரைக்கும் ஓடிவிட்டான்.

இந்தத் தடவை டாக்டரே இரக்கப்பட்டார்.

"மலத்தை டெஸ்ட் பண்ணினாலே குடல் எவ்வளவு வீங்கியிருக்குன்னு ஓரளவு தெரிஞ்சிடும். குறைவா இருந்தா இப்போதைக்குக் குழாய் வேணாம். ஆனா லேப்ல காலையில குடுக்கணும். அதுவரைக்கும் குளிர்ல வச்சிருங்க."

"காலையிலயே எடுத்து, கையோட கொண்டு போக ஏலாதாங்க?" என்று சாயந்தரம் வீட்டில் சுதாகரனிடம் கேட்டாள் லோஜினி.

"அது என்னா பஸ்ஸா, டைமுக்கு வர? இப்பதான் வந்திருக்கு. இதுவும் கெட்டுப்போச்சுன்னா எனக்குக் குழாய்தான் லோஜி!"

லேப்பில் கொடுத்த சின்னப் போத்தலை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாள் லோஜினி. கொஞ்சம் யோசித்தாள். மேலே மஞ்சள் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சாமி சாமானை அழகம்மா பிரித்துப் பார்க்கமாட்டாள்.

"என்னான்னு சொல்லிக் குடுக்கப் போற?"

"சந்தனம்."

சுதாகரன் வாயைப் பொத்திக்கொண்டான். "அடியே, சாமி கண்ணக் குத்தும்!"

"குத்தினா குத்தட்டும். உங்களுக்குக் குழாய் குத்துறதுக்கு அது பரவாயில்ல."

அழகம்மா கதவைத் திறந்தாள்.

"அக்கா, கோயிலுக்கு அரைச்ச சந்தனம். வெளியில வச்சா புளிச்சுப் போயிடும். காலையில முதல் பஸ்ஸுக்கு எடுத்துக்கிறேன்."

"சந்தனமா? குடு புள்ள."

இரண்டு கையாலும் வாங்கினாள். துணிக்கு மேலாகவே விரலால் மெல்லத் தடவினாள். பிறகு கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தூக்கினாள். லோஜினி தடுக்கக் கையை நீட்டப் போனாள்.

நெஞ்சு வரைக்கும் போன கை அப்படியே இறங்கியது.

"யாரு அரைச்சது?"

"அ... அவருதான் அக்கா."

"பாவம். கஷ்டப்பட்டு அரைச்சிருப்பாரு."

விடியும் வரைக்கும் லோஜினி தூங்கவில்லை. அக்கா பிரித்துப் பார்த்துவிட்டால்? தூக்கி எறிந்துவிட்டால்?

பனி விலகுமுன்பே போய்க் கதவைத் தட்டினாள். அழகம்மா குளித்து, சேலை மாற்றி, எங்கேயோ கிளம்புகிற மாதிரி நின்றாள். பிரிட்ஜைத் திறந்தாள்.

உள்ளே மஞ்சள் முடிச்சு இரண்டு, பக்கத்தில் பக்கத்தில்.

லோஜினி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "அக்கா... இதுல எது..."

"இடப் பக்கம் உன் வீட்டுக்காரரு அரைச்சது. வலப் பக்கம் நான் அரைச்சது. மாத்தித் தூக்கிடாத புள்ள. என் புண்ணுக்கு அவருக்குக் குழாய் விட்டுருவாங்க."

லோஜினி இரண்டு முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்குமா? அப்ப அந்த விரதம்? நேர்த்தி?"

"காரம் தின்னா குடல் எரியும்னு லயம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியச் சொல்றியா? அந்தப் போத்தல் மூடி என் விரலுக்குத் தெரியாதா? எனக்கும் இந்த வாரம் குடுக்கணும். நீ போறேன்னதும், தொணைக்கு ஒரு ஆளு கெடைச்சாச்சுன்னு நானும் எடுத்து வச்சிட்டேன்."

"முட்டைகூட வைக்க விடமாட்டீங்களே அக்கா!"

"முட்டைய விட்டா மீன் வரும். ஆளாளுக்குக் கதவத் திறப்பாங்க. அப்புறம் என் சந்தனத்த நான் எங்க வைக்கிறது?"

ஆளுக்கொரு முடிச்சோடு இரண்டு பேரும் பஸ்ஸுக்கு இறங்கினார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்துகொண்டிருந்த சின்னராசா அவர்களைக் கண்டதும் ஒதுங்கி நின்றான். தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு முடிச்சையும் பயபக்தியாகக் கும்பிட்டான்.

"மீன் விசயத்த மனசுல வச்சுக்காதீங்க அக்கா. எனக்கும் சேர்த்து நேர்ந்துக்குங்க."

லோஜினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அழகம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த நேர்த்தி உனக்கு வரவே வேணாம்யா," என்றாள். "நல்லா இரு."